கண்டனம்: காரணம் சொல்லும் கடமை



தமிழ்நாட்டில் எந்த நாள் செய்தித்தாளைப் புரட்டினாலும் 'கண்டனம்' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. கட்சித் தலைவர் 'வன்மையாகக் கண்டிக்கிறேன்' என்று அறிக்கை விடுகிறார். தொழிற்சங்கம் கண்டன ஆர்ப்பாட்டம் அறிவிக்கிறது. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் 'கண்டிக்கிறோம்' என்று இருக்கும். கீழே பத்துப் படங்கள் இருக்கும். எதற்காகக் கண்டிக்கிறார்கள் என்பது அச்சகத்தாருக்கே மறந்து போயிருக்கும். இதே சொல் அரசு ஊழியர் ஒருவரின் பணிப்பதிவேட்டில் ஏறினால் அது விதிப்படி விதிக்கப்பட்ட தண்டனை. நாடாளுமன்றத்தில் ஓர் அமைச்சர்மீது தீர்மானமாக வந்தால் அது அரசியல் சாசன மரபு சார்ந்த நடவடிக்கை. தெருவில் கத்துவதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். சொல் தேய்வது பெரிய குற்றமில்லை. ஆனால் இரண்டாவது பொருள் முதல் பொருளில் கரைந்துபோனால் பொதுவாழ்வு ஒரு கருவியை இழக்கும். இன்று நான் நிறுவ விரும்புவது இது: முறையான கண்டனத்தின் பலம் அதன் கடுமையில் இல்லை. இன்னார், இன்ன செயலைச் செய்தார், அது இன்ன கடமைக்கு மாறானது என்று காரணம் காட்டுவது, எதிர்த்தரப்பைக் கேட்பது, கட்சி எல்லையைத் தாண்டி நின்று முடிவெடுப்பது ஆகிய மூன்றில்தான் அதன் பலம் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அபராதமோ சிறையோ இல்லாமலேயே கண்டனம் நிற்கும். இல்லாவிட்டால் எத்தனை 'வன்மையாக' சேர்த்தாலும் நிற்காது.

சொல்லின் பழைய வாழ்க்கையே இதற்குச் சாட்சி. வடமொழி வழி வந்த 'கண்டனம்' என்ற சொல்லுக்கு உடைத்தல், துண்டித்தல் என்பது அடிப்படைப் பொருள். சாத்திர வாதங்களில் தன் கட்சியை நிறுவுவது மண்டனம், எதிராளியின் கட்சியை உடைப்பது கண்டனம். உடைப்பதற்கு முன் எதிராளி என்ன சொன்னார் என்பதைப் பூர்வபட்சமாக எடுத்து வைக்க வேண்டும். அதைத் திரித்துச் சொன்னால் வாதமே தோற்றதாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடம் பரவியபோது தமிழில் கண்டன நூல் என்றே ஒரு வகை பெருகியது. பாதிரிமார் சைவத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டுகளுக்கு விடையாக யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' அந்தக் காலத்தின் பெயர்பெற்ற நூல். அந்த வாதங்களில் ஏச்சுக்கும் குறைவில்லை. சமயப் பாடல்கள் அருளால் எழுந்தவையா மருளால் எழுந்தவையா என்று மூண்ட அருட்பா, மருட்பா சண்டையில் இரு தரப்பும் நாகரிகத்தை எவ்வளவு தூரம் கைவிட்டன என்பது இலக்கிய வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வெறும் ஏச்சை மட்டும் வைத்துக் கண்டனம் என்று பெயரிட அப்போது முடியாது. இன்ன வரி, இன்ன கருத்து, அது இன்ன காரணத்தால் தவறு என்று காட்டியாக வேண்டும். இன்றைய பயன்பாட்டில் அந்தக் கட்டாயம் கழன்றுவிட்டது. தமிழில் 'இடித்துரைத்தல்' என்று இன்னொன்றும் உண்டு. அது நெருங்கியவர் தனியாக, தவறு முற்றுமுன் சொல்வது. கண்டனம் செயல் நடந்த பிறகு, பொதுவில், ஓர் அமைப்பின் பெயரால் பதிவாவது. இடித்துரைப்பவருக்கு அன்பும் துணிவும் போதும். கண்டிப்பவருக்கு ஆதாரமும் வேண்டும்.

அலுவலக உலகம் இந்த வேறுபாட்டை நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில், விதி 11 தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது. சிறு தண்டனைகளில் முதலாவது கண்டனம்; அதற்குப் பிறகே பதவி உயர்வை நிறுத்துவது, நட்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பது, ஊதிய உயர்வை நிறுத்துவது எல்லாம் வருகின்றன. மேலதிகாரி அறைக்கு அழைத்து 'இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்' என்று எச்சரிப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. எச்சரிக்கை தண்டனை அல்ல, கண்டனம் தண்டனை. பார்க்கப்போனால் இரண்டிலும் காசு ஒன்றும் போவதில்லை. பிறகு என்ன வேறுபாடு? கண்டனம் விதிக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், ஊழியரின் விளக்கத்தைப் பெற வேண்டும், அதைப் பரிசீலித்ததாக ஆணை எழுத வேண்டும். தமிழக அரசு அலுவலகங்களில் '17(அ) மெமோ' என்றாலே புரியும்: குறிப்பாணை கைக்கு வரும், வாங்கியதற்கு ஒப்புகைக் கையெழுத்து, பிறகு விளக்கம், பிறகு ஆணை, அதன் பிறகே பணிப்பதிவேட்டில் ஒரு வரி. அந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். விசாரித்துப் பழி இருக்கிறது என்று கண்டால் குறைந்தது கண்டனமாவது விதிக்க வேண்டும், எச்சரிக்கையோடு விடக்கூடாது என்பதும் மத்திய அரசின் அறிவுரை. அதாவது, கண்டனத்தைத் தண்டனை ஆக்குவது அதிகாரியின் குரல் உயர்வது அல்ல. அவர் எழுத்தில் சிக்கிக்கொள்வதுதான். தான் சொன்ன காரணத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

நாடாளுமன்றத்துக்கு வருவோம். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்கிறது அரசியல் சாசனத்தின் 75(3)ஆம் கூறு. அந்தப் பொறுப்பைக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அமைச்சரவை முழுவதன்மீதும் வர வேண்டும்; அதைக் கொண்டுவர 50 உறுப்பினர் ஆதரவு வேண்டும்; நிறைவேறினால் அரசு விலக வேண்டும். ஆனால் காரணம் எதையும் தீர்மானத்தில் எழுத வேண்டியதில்லை. கண்டனத் தீர்மானம் இதற்கு நேர் எதிர். ஓர் அமைச்சர்மீதும் கொண்டுவரலாம், சிலர்மீதும் கொண்டுவரலாம். எந்தச் செயலுக்காக, எந்தத் தவறுக்காக என்று தீர்மானமே சொல்ல வேண்டும். நிறைவேறினாலும் பதவி தானாகப் போய்விடாது. பதவியைப் பறிக்கும் தீர்மானத்துக்குக் காரணம் தேவையில்லை, பறிக்காத தீர்மானத்துக்குக் காரணம் கட்டாயம் என்பது முதலில் விசித்திரமாகப் படும். யோசித்தால் நியாயம் விளங்கும். நம்பிக்கை என்பது ஓர் உறவு; அது இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். 1963இல் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின்மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது 62 பேர் ஆதரித்தார்கள், 347 பேர் எதிர்த்தார்கள். எண்ணிக்கை பேசியது, விஷயம் முடிந்தது. கண்டனத்துக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. அது ஒரு செயலைப் பற்றிய முடிவு. செயலைச் சொல்லாமல் முடிவைச் சொல்ல முடியாது.

மேற்கில் காரணம் காட்டிக் கண்டிக்கும் ஏற்பாட்டுக்கு மூலவர் பழைய ரோமின் சென்சர்கள். குடிமக்கள் கணக்கெடுப்பு நடத்தவும் செனட் உறுப்பினர் பட்டியலைத் திருத்தவும் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒழுக்கம் தவறியவரின் பெயருக்கு எதிரே அவர்கள் ஒரு குறி இடலாம். செனட் பட்டியலிலிருந்தும் நீக்கலாம். இரண்டு சென்சர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். குறிக்குப் பக்கத்தில் காரணம் எழுதுவது வழக்கம். இது நீதிமன்றத் தண்டனை அல்ல, அடுத்த சென்சர்கள் அதை மாற்றலாம். கி.மு. 184இல் கேட்டோ சென்சராக இருந்தபோது தலைமை ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை வகித்திருந்த லூசியஸ் ஃபிளாமினினஸையே செனட்டிலிருந்து நீக்கினார். கி.மு. 70இல் நீக்கப்பட்ட காயஸ் அந்தோனியஸோ மீண்டு வந்து கி.மு. 63இல் சிசரோவுடன் கான்சல் பதவியிலேயே அமர்ந்தார். பெரியவர்மேலும் பாயும், ஆனால் ஒருவரை நிரந்தரமாக அழித்துவிடாது. இருவர் ஒப்புதல், எழுதிய காரணம், திருத்த வழி ஆகிய மூன்றையும் ஒரு பழங்குடியரசு சேர்த்தே வைத்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்த நிபந்தனைகளை மீறினால் என்ன ஆகும், காத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க செனட்டில் இரண்டு வழக்குகள் எதிரெதிராக நிற்கின்றன. முதலாவது 1834. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அரசுப் பணத்தை அமெரிக்க வங்கியிலிருந்து வெளியே எடுக்கச் செய்தார். அவருடைய எதிரிகள் பெரும்பான்மையாக இருந்த செனட் 26க்கு 20 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. அரசியல் சாசனமும் சட்டமும் தராத அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்பது தீர்மானத்தின் சாரம். எந்தச் சட்டத்தின் எந்தப் பகுதி என்று அதில் இல்லை. அவருடைய பதிலையும் யாரும் கேட்கவில்லை. ஜாக்சன் நீண்ட எதிர்ப்பு மடல் ஒன்றை அனுப்பினார். குடியரசுத் தலைவர்மீது குற்றம் சாட்ட வேண்டுமானால் பதவி நீக்க விசாரணை என்று ஒரு வழி இருக்கும்போது, விசாரணை இல்லாமல் தீர்ப்பு எழுத நீங்கள் யார் என்று கேட்டார். செனட் அந்த மடலைத் தன் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற மறுத்தது. மூன்று ஆண்டுகளில் பெரும்பான்மை மாறியது. 1837 ஜனவரி 16 அன்று நடவடிக்கை ஏடு அவைக்குக் கொண்டுவரப்பட்டது. செயலர் பேனாவை எடுத்துப் பழைய தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து, செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அதன்மேலேயே எழுதினார். எழுத்து அழியவில்லை, கோட்டுக்குள் இன்றும் இருக்கிறது. மதிப்பு மட்டும் போய்விட்டது. ஒரு பெரும்பான்மை காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் எழுதியதை, இன்னொரு பெரும்பான்மை அதே சுலபத்தில் அடித்துவிட்டது.

இரண்டாவது 1954. கம்யூனிஸ்டு வேட்டை என்ற பெயரில் நான்கு ஆண்டுகளாகப் பலரையும் மிரட்டிவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்திமேல் அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரால்ஃப் ஃபிளாண்டர்ஸே கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். வந்து சேர்ந்த குற்றச்சாட்டுகள் 46. செனட் அவசரப்படவில்லை. இரு கட்சியிலிருந்தும் மூவர் மூவராக ஆறு பேர் கொண்ட குழு, குடியரசுக் கட்சியின் ஆர்தர் வாட்கின்ஸ் தலைமையில் அமைந்தது. தொலைக்காட்சிக் கேமராவை உள்ளே விடவில்லை. மெக்கார்த்தி வழக்குரைஞரோடு வந்து வாதாடினார். 46 குற்றச்சாட்டுகள் சலித்துச் சலித்து, கடைசியில் இரண்டாக நின்றன: தன் நடத்தையை விசாரித்த செனட் துணைக்குழுவுக்கு ஒத்துழைக்காதது; இந்தக் குழுவையே இழிவாகப் பேசியது. டிசம்பர் 2 அன்று 67க்கு 22 என்று தீர்மானம் நிறைவேறியது. வாக்களித்த குடியரசுக் கட்சியினர் சரிபாதியாகப் பிரிந்தார்கள், 22 பேர் அந்தப் பக்கம், 22 பேர் இந்தப் பக்கம். இறுதி வடிவத்தில் வழக்கமான சொல்லுக்குப் பதிலாக அதற்கு நெருங்கிய வேறொரு சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இது முறையான கண்டனமே அல்ல என்று மெக்கார்த்தியின் ஆதரவாளர்கள் வாதித்தார்கள். வரலாறு அந்த வாதத்தைப் பொருட்படுத்தவில்லை. விசாரணையும் காரணமும் வாக்கும் இருந்ததால் சொல் மாறியும் கண்டனம் கண்டனமாகவே நின்றது. அதை அடிக்க எந்தப் பெரும்பான்மையும் பிறகு பேனா எடுக்கவில்லை.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். மெக்கார்த்தி 1957இல் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார், சம்பளம் குறையவில்லை, அவர் விழுந்ததற்கு ராணுவத்தோடு அவர் மோதியது பற்றிய விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும், 1954 தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மையை இழந்ததால் குழுத் தலைமை கைவிட்டுப் போனதும் காரணம். பல்லில்லாத கண்டனத்துக்கு ஏன் இத்தனை பெருமை? காரணங்கள் பல என்பதை ஏற்கிறேன். ஆனால் பல் இருக்க முடியாத இடங்கள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஸ்காட் மாரிசன் 2020, 2021 ஆண்டுகளில் ஐந்து துறைகளுக்குத் தன்னையும் அமைச்சராக இரகசியமாக நியமித்துக்கொண்டது பின்னர் வெளிவந்தது. மக்களுக்கும் தெரியாது, நாடாளுமன்றத்துக்கும் தெரியாது. அத்தகைய நியமனம் சட்டப்படி செல்லும், ஆனால் பொறுப்பாட்சியின் அடித்தளத்தையே அது குலைக்கிறது என்றார் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். சட்டம் மீறப்படவில்லை என்றால் எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? முன்னாள் நீதிபதி விர்ஜீனியா பெல் விசாரித்து அறிக்கை தந்தார். 2022 நவம்பர் 30 அன்று கீழவை 86க்கு 50 என்று மாரிசனைக் கண்டித்தது. அவர் அவையிலேயே எழுந்து தன் தரப்பைச் சொன்னார். அவர் கட்சியிலிருந்து ஒருவர் தீர்மானத்தை ஆதரித்தார். அமைச்சர் நியமனங்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பிறகு சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் 'இது தவறு' என்று ஓர் அவை எழுதி வைத்தால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சட்டம் பின்னால் வரும். நாடுகளுக்கிடையிலும் இப்படித்தான்: 1990 ஆகஸ்டு 2 அன்று குவைத்மீதான படையெடுப்பை ஐ.நா. பாதுகாப்பு அவை 660ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. நான்கே நாளில் 661ஆம் தீர்மானம் பொருளாதாரத் தடையோடு வந்தது. தவறு எது என்று முதலில் பெயரிட்டதால்தான் அடுத்த நடவடிக்கைக்குத் தரை கிடைத்தது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கண்டனம் பெரும்பான்மையின் கையில் இருக்கும் தடி. அவைக்கு யார் தலைமையோ அவர்களுக்குப் பிடிக்காதவர் கண்டிக்கப்படுவார். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கண்டிக்கப்படும் உறுப்பினர் அவையின் நடுவே சபாநாயகர் மேடைக்கு முன் நிற்க, தீர்மானத்தைச் சபாநாயகர் வாசிப்பார். 1832இலிருந்து 2010 வரை கண்டிக்கப்பட்டவர்கள் 23 பேர். 2021 நவம்பரிலிருந்து 2025 மார்ச்சுக்குள் மட்டும் ஐந்து பேர். 2010இல் சார்லஸ் ரேஞ்சல் ஒழுக்கக் குழுவின் விசாரணைக்குப் பிறகு 333க்கு 79 என்று, தன் கட்சியினரில் பெரும்பாலோரும் சேர்ந்து வாக்களிக்கக் கண்டிக்கப்பட்டார். 2023இல் ஆடம் ஷிஃப் 213க்கு 209 என்று, எதிரணிக் கட்சியின் வாக்குகளால் மட்டும் கண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியா மக்கள் அவரை செனட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஆட்சேபத்துக்கு நான் அஞ்சவில்லை, ஏனென்றால் இது என் வாதத்தைத்தான் உறுதி செய்கிறது. கட்சி எல்லைக்குள் நின்ற கண்டனம் கண்டிக்கப்பட்டவருக்கே பதக்கமாகிவிட்டது. ரேஞ்சலும் மறுபடி தேர்தலில் வென்றார் என்பது உண்மை. ஆனால் அவர்மேல் எழுதப்பட்ட காரணத்தைப் பொய் என்று தள்ள அவருடைய நண்பர்களாலேயே முடியவில்லை. தொகுதி மக்கள் யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். அவை தன் உறுப்பினரிடம் எந்த நடத்தையை ஏற்காது என்று முடிவு செய்கிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

'கண்டித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிடத் தண்டித்துவிட்டால் என்ன?' என்பது மூன்றாவது கேள்வி. தமிழ்நாட்டுக்கே இதில் ஒரு பாடம் உண்டு. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. பத்திரிகை உலகமே கொதித்தது. சில நாட்களில் அவரை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் உயர் நீதிமன்றம் அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு அளித்தது. அந்தப் படம் சட்டமன்றத்தை எவ்வளவு புண்படுத்தியது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. சிறை மட்டும் நினைவிருக்கிறது. இதற்கு முன் 1961இல் 'பிளிட்ஸ்' இதழின் ஆசிரியர் கரஞ்சியாவை மக்களவை தன் முன் வரவழைத்துக் கண்டித்து அனுப்பியது. அங்கே சிறை இல்லாததால் புயலும் அத்தனை பெரிதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. தன்னைப் பற்றி எழுதியவரைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பளிக்கும் அவை, தன் வழக்கில் தானே நீதிபதியாகிறது. கண்டனம் சரியாகப் பொருந்துவது அந்த அமைப்புக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்மீதுதான்: அவை தன் அமைச்சரை, தன் உறுப்பினரை, துறை தன் ஊழியரை, சங்கம் தன் நிர்வாகியை. வெளியாரை நோக்கி நீளும்போது அது கருத்துரிமையோடு மோதும்.

கடைசியாக ஒன்று. தெருவில் கண்டன முழக்கம் எழுப்புகிறவர்களிடமும் இந்த நிபந்தனைகளையெல்லாம் கேட்பீர்களா என்றால், கேட்க மாட்டேன். அதிகாரம் இல்லாதவர் அதிகாரத்தை நோக்கிக் குரல் எழுப்ப விசாரணைக் குழு வைக்கத் தேவையில்லை. குரல்தான் அவருடைய ஆயுதம். ஆனால் பல்கலைக்கழகப் பேரவை, வழக்குரைஞர் சங்கம், எழுத்தாளர் அமைப்பு, ஊராட்சி மன்றம் போன்றவை தீர்மானம் என்று எழுதும்போது தெருவின் மொழியைக் கடன் வாங்குவது தவறு. அவை தம் பெயரை அடியில் போடுகின்றன; ஏட்டில் ஏற்றுகின்றன; நாளை ஒருவர் அந்த ஏட்டைத் திறந்து பார்ப்பார். தீர்மானத்தை எழுதுகிறவர்கள் ஒரு சின்னச் சோதனையைச் செய்து பார்க்கலாம். வரைவிலிருந்து 'வன்மையாக', 'கடுமையாக' போன்ற அடைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற வாக்கியத்தில் யார், என்ன செய்தார், எந்தக் கடமையை மீறினார், அவர் தரப்பு என்ன, இனி என்ன செய்ய வேண்டும் என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதை அப்படியே நிறைவேற்றலாம். அடைகள் இல்லாமலேயே அது சுடும். இல்லாவிட்டால் தீர்மானத்தை ஒத்திவைத்து ஒரு குழு அமையுங்கள், சம்பந்தப்பட்டவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பதில் வந்த பிறகு கண்டிக்கத் தோன்றாமல் போகலாம். அதுவும் நல்ல முடிவுதான். தோன்றினால், அந்தப் பதிலையும் சேர்த்து எழுதிக் கண்டியுங்கள்.